ஏழாம் மாடி வீடு விற்பனைக்கு

ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டரை மணிக்குள் வீட்டைக் காலி செய்துவிட வேண்டும். சொந்த வீடுதான். நாற்பத்தோரு வருடங்கள் வாழ்ந்த வீடுதான். ஆனாலும் பார்க்க வருகிறவர்கள் கண்ணில் வீட்டுக்காரர்கள் படக் கூடாது.

"வர்றவங்க அலமாரியைத் திறந்து பாப்பாங்க, எஸ்டெல். நீங்க பக்கத்துல நின்னா கூச்சப்படுவாங்க. கூச்சப்பட்டா வாங்க மாட்டாங்க," என்றாள் தரகர் கோர்ட்னி. அவள் கையில் ஒரு பை நிறைய எலுமிச்சம்பழம். ஒவ்வொரு ஞாயிறும் அவளே கொண்டுவருவாள், அழகுக்காகச் சமையல் மேடையில் வெள்ளைக் கிண்ணத்தில் அடுக்குவாள், நான்கு மணிக்கு மறுபடி அள்ளிக்கொண்டு போய்விடுவாள்.

கோர்ட்னி காற்றை மோந்து பார்த்தாள். "ராத்திரி மீன் பொரிச்சீங்களா?"

"முட்டை."

"முட்டையும் வேணாமே, ப்ளீஸ். இன்னும் கொஞ்ச நாள்தான். ரொட்டி, பாலாடைக் கட்டின்னு ஓட்டுங்க."

எஸ்டெல் கார்ஃபிங்கலுக்கு எழுபத்து மூன்று வயது. முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்தவள். தன் வீட்டில் முட்டை பொரித்ததற்கு விளக்கம் சொல்லும் நாள் வரும் என்று அவள் போட்ட எந்தக் கணக்கிலும் இல்லை.

அவளுடைய கணவர் மில்ட்டன் கோட்டும் தொப்பியுமாக வரவேற்பறை நடுவில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்ல உயரமான கூரை. ரெண்டாம் உலகப் போருக்கு முன்னாடி கட்டினது. இப்ப எவன் இந்த மாதிரி கட்டறான்?" என்றவர் கோர்ட்னியிடம் திரும்பி, மரியாதையாகத் தொப்பியைத் தொட்டார். "எவ்வளவு சொல்றாங்க, மேடம்?"

கோர்ட்னி சிரித்தாள். எஸ்டெலும் சிரித்தாள். "எப்பவும் இப்படித்தான் ஜோக் அடிப்பாரு."

அது ஜோக் இல்லை. கோர்ட்னிக்கும் அது தெரியும்.

லிஃப்டில் கீழே இறங்கியதும் மில்ட்டன் வேறு ஆளாகிவிட்டார். லாபியில் அதே கறுப்பு வெள்ளைச் சலவைக்கல் தரை, அதே பித்தளைத் தபால் பெட்டிகள், அதே பெஸ்னிக். அல்பேனியாவிலிருந்து வந்து இருபத்தாறு வருடமாக இந்த வாசலில் நிற்கும் டோர்மேன்.

"குட் ஆஃப்டர்நூன், மிஸ்டர் பிரசிடென்ட்!"

"உன் டை கோணலா இருக்கு, பெஸ்னிக்."

"என் மூஞ்சியே கோணல், சார். டைக்கு மேட்ச்சா இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

"மூஞ்சியைப் பத்தி விதி எதுவும் இல்ல. டையைப் பத்தி இருக்கு. நான்தான் எழுதினேன்."

பெஸ்னிக் டையைச் சரிசெய்தான். மில்ட்டன் திருப்தியாகத் தலையாட்டினார். அந்த நிமிடத்தில் யார் பார்த்தாலும், இருபத்திரண்டு வருடம் இந்தக் கட்டடத்தின் நிர்வாகக் குழுவுக்குத் தலைவராக இருந்த வக்கீல் கார்ஃபிங்கல்தான் அவர். மறதி நோய் என்று சொன்னால் சிரிப்பார்கள்.

அதுதான் எஸ்டெலின் மனதை அறுத்தது. மாடிப்படி, லிஃப்ட், லாபி எல்லாம் கட்டடத்துக்குப் பொதுவானவை. யாரும் மாற்ற முடியாது. அங்கெல்லாம் மில்ட்டன் மில்ட்டனாகவே இருந்தார். அவர் தொலைந்துபோனது ஏழாம் மாடி வீட்டுக்குள் மட்டும்தான். அந்த வீட்டை மாற்றியவள் எஸ்டெல்.

* * *

போன வருடம் வரைக்கும் அவர் சமாளித்துக்கொண்டுதான் இருந்தார். ஆள் பெயர் மறந்தது, கிழமை மறந்தது. ஆனால் கை மறக்கவில்லை. இருட்டில் எழுந்து சுவரைத் தடவிக் குளியலறை விளக்கைப் போடுவார். மூன்றாவது கொக்கியில் தொப்பியை மாட்டுவார். சமையலறைக்குப் பின்னால், ஒரு காலத்தில் வேலைக்காரப் பெண்ணுக்கென்று கட்டிய குட்டி அறைதான் அவருடைய அலுவலகம். அங்கே போய் உட்கார்ந்து பழைய கோப்புகளைப் புரட்டுவார். மாலையில் சில நாள் பதறி, "வீட்டுக்குப் போகணும், எஸ்ஸி" என்பார். எஸ்டெல் எதிர்வாதம் செய்யமாட்டாள். கோட்டை மாட்டிவிட்டு, கீழே இறங்கி, தெருவை ஒரு சுற்று சுற்றி, மறுபடி மேலே அழைத்து வருவாள். கதவைத் திறந்ததும் கை தானாகக் கொக்கிக்குப் போகும். "அப்பாடா" என்பார். அவ்வளவுதான், வீடு வந்துவிட்டது.

பிறகு ஆற்றங்கரை இல்லம் பற்றித் தெரியவந்தது. ரயிலில் ஒன்றரை மணி நேரம். மறதி நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் இடங்கள் நியூயார்க்கைச் சுற்றி எத்தனையோ இருந்தன. ஆனால் எல்லாம் நோயாளிக்கு மட்டும். கணவன் மனைவி ஒரே அறையில் இருக்கலாம் என்றது அந்த ஒரு இல்லம்தான். அப்படிப்பட்ட அறைகள் அங்கே மொத்தம் நாலு. ஒன்று வசந்தத்தில் கிடைக்கும் என்றார்கள்.

அதில் சேர்வதற்கு இந்த வீட்டை விற்றாக வேண்டும். பிள்ளைகள் இல்லை. வேறு சொத்து இல்லை.

"இப்படியே வித்தா யாரும் ஏறெடுத்துப் பாக்க மாட்டாங்க," என்று சொன்னாள் கோர்ட்னி. "பழைய கட்டடம்னா கொள்ளை ஆசை. பழைய சமையலறைன்னா ஓட்டம். வெளிய 1926, உள்ள இந்த வருஷம். அதுதான் இந்த ஏரியால ஓடும். அந்தக் குட்டி அறைச் சுவரை இடிச்சுடுங்க. நல்லா பெரிசா, வெளிச்சமா ஒரு கிச்சன்."

எப்படியும் போகத்தானே போகிறோம் என்று எஸ்டெல் சம்மதித்தாள். குளிர்காலத்தில் பத்து வாரம் பிராட்வேயில் ஒரு விடுதியில் தங்கினார்கள். திரும்பி வந்தபோது குட்டி அறை இல்லை. கொக்கிகள் இல்லை. விளக்குப் பொத்தான்கள் எல்லாம் இடம் மாறி, தொட்டால் எரிகிற கண்ணாடித் துண்டுகளாக இருந்தன. சுவர்கள் பாலாடை நிறம். மீன்முள் போலக் கோணலாகப் பதித்த மரத்தரையை இழைத்து, கறையெல்லாம் போக்கி, பளபளவென்று ஆக்கியிருந்தார்கள். வாடகைக்கு வந்த சாம்பல் நிற சோபா ஒன்று கிடந்தது, வீடு விலை போகும்வரை யாரும் உட்காரக் கூடாத சோபா.

மில்ட்டன் கதவைத் திறந்து ஓரடி எடுத்து வைத்தார். பார்த்தார். முகம் சிவந்துவிட்டது. தொப்பியைக் கழற்றி, ஆளில்லாத வீட்டைப் பார்த்து, "மன்னிக்கணும், மாடி தப்பிடுச்சு," என்று சொல்லிவிட்டு, எஸ்டெலின் கையைப் பிடித்து வெளியே இழுத்தார்.

அன்றிலிருந்து ஒரு நாள்கூட அவர் வீடு வந்து சேரவில்லை. படுக்கையில் ஓரமாக, கோட்டோடு படுத்துக்கொள்வார். "இந்த வீட்டுக்காரங்க வந்துடப்போறாங்க, எஸ்ஸி. எத்தனை நாள் அடுத்தவன் வீட்டுல இருக்கறது?"

* * *

ஏப்ரல் முடிந்தது. பார்க்க வந்தவர்கள் காலுக்கு உறை மாட்டிக்கொண்டு, கூரையைப் புகழ்ந்துவிட்டுப் போனார்கள். யாரும் விலை கேட்கவில்லை. ஆற்றங்கரை இல்லத்திலிருந்து பட்ரீஷியா என்ற பெண் தொலைபேசியில் பேசினாள்.

"ஜூன் முப்பது வரைக்கும் அறையைப் பிடிச்சு வைக்கறேன், எஸ்டெல். அதுக்கு மேல என் கையில இல்ல. பின்னால ஒம்பது ஜோடி காத்திருக்காங்க."

எஸ்டெல் கோர்ட்னியைக் கூப்பிட்டாள். "விலையைக் குறைங்க."

"எவ்வளவு?"

"ஒரே வாரத்துல போற அளவுக்கு."

"குறைச்சா உடனே போயிடும். ஆனா உங்க போர்டு ஒத்துக்கணும். உங்க கட்டடத்து போர்டு எப்படின்னு ஊருக்கே தெரியும்."

"அது என் வீட்டுக்காரரோட போர்டு," என்றாள் எஸ்டெல். "என் வீட்டுக்காரருக்கு அவங்க அப்படிச் செய்ய மாட்டாங்க."

இந்த இடத்தில்தான் அவள் தவறினாள். வேறு யாராவது தவறினால் தெரியாமல் செய்தார்கள் என்று விட்டுவிடலாம். எஸ்டெலுக்குத் தெரியும்.

இது மாதிரிக் கூட்டுறவுக் கட்டடங்களில் வீடு வாங்குகிறவரை, போர்டு எனப்படும், அண்டை வீட்டார் ஏழு பேர் கொண்ட குழு உட்காரவைத்துக் கேள்வி கேட்கும். வேண்டாம் என்றால் வேண்டாம்தான். காரணம் சொல்ல வேண்டியதில்லை. அந்த வழக்கத்தை இந்தக் கட்டடத்தில் கறாராக நிலைநாட்டியவர் மில்ட்டன்.

தொண்ணூற்று நாலில் ஒன்பதாம் மாடி மிஸஸ் ஹால்பர்ன் வீட்டை விற்கப் பார்த்தாள். புருஷன் செத்து ஒரு வருடம். அரிசோனாவில் அக்காவோடு போய் இருந்துவிடலாம் என்று ஆசை. சந்தை படுத்துக் கிடந்த நேரம். கிடைத்த விலைக்கு ஒப்புக்கொண்டாள். குழு மறுத்தது. இரண்டாவது ஆளைக் கொண்டுவந்தாள். அவரையும் மறுத்தது.

அன்று இரவுச் சாப்பாட்டில் எஸ்டெல் கேட்டாள். "வாங்க வந்தவங்க மேல என்ன தப்பு, மில்ட்?"

"ஒரு தப்பும் இல்ல. அருமையான மனுஷங்க. விலைதான் தப்பு. ஒருத்தி மலிவா வித்தா, நாப்பத்திநாலு குடும்பத்துக்கும் வீட்டு விலை இறங்கிடும்."

"அதை அவகிட்ட சொல்லிடலாமே?"

"காரணம் சொன்னா வழக்கு போடுவா. சொல்லலன்னா என்ன பண்ணுவா?" அவர் ரொட்டியில் வெண்ணெய் தடவினார். "இன்னும் கொஞ்சம் மீன் வைக்கறியா?"

எஸ்டெல் மீன் வைத்தாள்.

மிஸஸ் ஹால்பர்ன் அதற்குப் பிறகு லிஃப்டில் மில்ட்டன் ஏறினால் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொள்வாள். மூன்றாவது குளிர்காலத்தில் ஒன்பதாம் மாடியிலேயே இறந்துபோனாள். எஸ்டெல் மலர்க்கொத்து அனுப்பினாள்.

* * *

விலை குறைந்த ஐந்தாம் நாள் வீடு போய்விட்டது. பியர்ஸ் என்ற பல் டாக்டர், அவர் மனைவி, ஒரு வயது இரட்டைக் குழந்தைகள். அந்தப் பெண் ஜன்னலோரம் நின்று அழுதாள் என்று கோர்ட்னி சொன்னாள். "சந்தோஷத்துல, எஸ்டெல்! இந்த மாதிரி வீடு தனக்குக் கிடைக்கும்னு நெனச்சே பாக்கலயாம்."

எஸ்டெல் பெட்டி கட்ட ஆரம்பித்தாள். பியர்ஸ் தம்பதியின் சம்பளம், சேமிப்பு, நற்சான்று என்று எழுநூறு பக்கம் காகிதம் குழுவுக்குப் போனது. ஜூன் ஒன்பதாம் தேதி நேர்காணல். முக்கால் மணி நேரம், காபியும் பிஸ்கட்டும், நல்லபடியாக நடந்தது என்று செய்தி.

பதின்மூன்றாம் தேதி காலையில் பெஸ்னிக் ஒரு கடித உறையைக் கொண்டுவந்து கொடுத்தான். வழக்கமாக ஒரு கிண்டல் இல்லாமல் அவன் எதையும் கொடுக்கமாட்டான். அன்று சும்மா கொடுத்துவிட்டுப் போனான்.

எஸ்டெல் படித்தாள். ஒரே ஒரு வாக்கியம். கடிதத்தைச் சமையல் மேடையில் வைத்துவிட்டு, இரண்டு கையாலும் அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். குட்டி அறையின் சுவர் இருந்த இடம் அது.

மில்ட்டன் கடிதத்தை எடுத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, உரக்க வாசித்தார். "தங்கள் வீட்டை வாங்க முன்வந்தவரின் விண்ணப்பத்தைக் குழு ஏற்கவில்லை என்பதைத் தெரிவித்துக்கொள்கிறோம்."

மறுபடி ஒரு முறை, மனதுக்குள் வாசித்தார். முகம் மலர்ந்தது.

"நல்ல கடிதம். 'வருந்துகிறோம்'னு போடல பாத்தியா? வருத்தம்னு எழுதினா பேரம் பேச வருவான். இதை எழுதினவனுக்குத் தொழில் தெரியும்."

"ஆமா, மில்ட்," என்றாள் எஸ்டெல். "தெரியும்."

* * *

பதினோராம் மாடியில் இப்போதைய தலைவர் க்ரெய்க் டால்மன் இருந்தார். நாற்பத்தெட்டு வயது. கதவைத் திறந்ததும், வந்தது யாரென்று பார்த்து, பார்வையைத் தாழ்த்திக்கொண்டார்.

"உள்ள வாங்க, எஸ்டெல். சோடா தரட்டுமா?"

"வேணாம். ஏன்னு மட்டும் சொல்லுங்க."

"சொல்ல முடியாதுன்னு உங்களுக்கே தெரியும்."

"விலைதானே?"

க்ரெய்க்கின் நாய் வந்து எஸ்டெலின் செருப்பை மோந்து பார்த்தது.

"க்ரெய்க், அந்த அறை ஜூன் முப்பதோட போயிடும். அது போச்சுன்னா அவரை எங்கயாவது தனியாத்தான் விடணும். அம்பது வருஷம் ஆச்சு நாங்க கல்யாணம் பண்ணி. ராத்திரி கண்ணு முழிச்சா என் கையைத்தான் முதல்ல தேடறாரு."

"எனக்கு மட்டும் கல்லா மனசு? இங்க குடிவந்தப்ப மில்ட் என்னை முக்கா மணி நேரம் வறுத்தெடுத்தாரு. இந்த நாய்க்கு முன்னாடி இருந்த நாய்க்கு நற்சான்று கேட்டாரு! ஆனா அவரை எனக்குப் பிடிக்கும்." க்ரெய்க் எழுந்து போய் அலமாரியிலிருந்து நீலக் கோப்பு ஒன்றை எடுத்தார். "பதவியை விட்டப்ப எங்களுக்குக் குறிப்பு எழுதிக் கொடுத்துட்டுப் போனாரு. அதை வச்சுத்தான் நடத்தறோம். நீங்களே பாருங்க."

பார்க்கத் தேவையில்லை. அந்தக் கையெழுத்தைத் தூரத்திலிருந்தே அவளால் படிக்க முடிந்தது. நேரான, சின்ன எழுத்துகள். *விற்பவர் நம் நண்பராக இருந்தால் இன்னும் கண்டிப்பாக இருங்கள். விற்பவர் போய்விடுவார். நாம் இங்கே இருப்போம்.*

"நாப்பத்திநாலு குடும்பத்தைப் பாக்கணும், எஸ்டெல். மூணாவது மாடியில ஒருத்தர் வேலை போய் வீட்டை விக்கப்போறாரு. உங்க விலை அவரைக் கவுத்திடும். செப்டம்பர்ல பழைய விலைக்கே போடுங்க. நானே நின்னு முடிச்சுத் தரேன்."

"செப்டம்பர்ல," என்றாள் எஸ்டெல்.

"சம்மர்ல யாரு வாங்குவா? எல்லாரும் கடற்கரைக்குப் போயிடுவாங்களே."

அவளுக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. யாரைப் பார்த்துக் கத்துவது என்று தெரியவில்லை. இந்த ஆளையா? கீழே சோபாவில் உட்காராமல், அடுத்தவர் வீடு என்று நின்றுகொண்டே இருக்கிற அந்த மனிதரையா? மீன் வைத்தவளையா?

"ஹால்பர்ன்னு ஒருத்தி இருந்தா, ஒன்பதாம் மாடியில," என்றாள்.

"எனக்கு முன்னாடி போலிருக்கு. என்ன ஆச்சு அவங்களுக்கு?"

"இங்கயே இருந்துட்டா."

லிஃப்டில் இறங்கும்போது எஸ்டெல் தன்னை அறியாமல் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றாள். ஏழாம் மாடி வந்து கதவு திறந்த பிறகும் சற்று நேரம் அப்படியே நின்றாள்.

* * *

கோர்ட்னி வேறு ஆளைப் பிடிக்க ஓடியாடிப் பார்த்தாள். பழைய விலைக்கு யாரும் வரவில்லை. குறைந்த விலைக்கு வருகிறவர்களைக் குழு ஏற்காது என்று இப்போது எல்லாத் தரகர்களுக்கும் தெரிந்துவிட்டது. ஜூலை முதல் தேதி பட்ரீஷியா கூப்பிட்டாள். அறை ஆல்பனியிலிருந்து வந்த ஒரு ஜோடிக்குப் போய்விட்டதாம்.

"அடுத்தது எப்ப காலியாகும்?" என்று கேட்டாள் எஸ்டெல்.

"அப்படிக் கேக்காதீங்க, எஸ்டெல்," என்றாள் பட்ரீஷியா மெதுவாக. "ரெண்டு பேருல ஒருத்தர் போனாத்தான் அந்த அறை காலியாகும்."

எஸ்டெல் நன்றி சொல்லித் தொலைபேசியை வைத்தாள்.

அன்று மாலை ஆறு மணிக்கு மில்ட்டன் கோட்டை மாட்டிக்கொண்டு வாசல் கதவருகே வந்து நின்றார். ஜூலை வெயிலில் கோட்டு.

"ரொம்ப நல்லா உபசரிச்சாங்க. ஆனா நேரமாச்சு. வீட்டுக்குப் போலாம், எஸ்ஸி."

"போலாம்."

கீழே இறங்கினார்கள். வெஸ்ட் எண்ட் அவென்யூவில் வடக்கே நடந்து, மூலையில் திரும்பி, ஆற்றுப் பக்கமாக வந்து, மறுபடி வாசலுக்கு. மில்ட்டன் கையை வீசி நடந்தார். பாதி வழியில் ஒரு பாட்டை முணுமுணுத்தார். பெஸ்னிக் சல்யூட் வைத்தான். லிஃப்டில் மில்ட்டனே பொத்தானை அழுத்தினார், ஏழு. தாழ்வாரத்தில் அவளை முந்திக்கொண்டு போனார். புதுப் பூட்டில் எஸ்டெல் சாவியைப் போட்டாள்.

கதவு திறந்தது. பாலாடை நிறச் சுவர். சாம்பல் நிற சோபா. அவருடைய வலது கை தொப்பியோடு உயர்ந்து, கொக்கி இருந்த இடத்தைத் தேடி, வழுவழுப்பான சுவரைத் தொட்டது. தொப்பி கீழே விழுந்தது.

"மன்னிக்கணும்," என்றார் உள்ளே பார்த்து. குனிந்து தொப்பியை எடுத்தார். அவள் பக்கம் திரும்பி ரகசியமாக, "மாடி தப்பிடுச்சு. வா, வா, யாரும் பாக்கறதுக்குள்ள."

மறுபடி கீழே. மறுபடி மூலை, ஆறு, வாசல். மறுபடி ஏழு. மறுபடி, மாடி தப்பிவிட்டது.

மூன்றாம் முறையாக லாபிக்கு இறங்கியபோது மில்ட்டனின் கால் தளர்ந்திருந்தது. தபால் பெட்டிகளுக்குக் கீழே இருந்த பெஞ்சில் எஸ்டெல் அவரை உட்காரவைத்தாள். பெஸ்னிக் ஒரு கோப்பையில் தண்ணீர் கொண்டுவந்தான். மில்ட்டன் குடித்தார். சுற்றிலும் பார்த்தார். கறுப்பு வெள்ளைத் தரை, பித்தளை, கோணல் டை. அவர் தோள் நிமிர்ந்தது. குரலில் பழைய உறுதி வந்தது.

"பெஸ்னிக், ஏழாம் மாடியில யாரோ வீட்டை விக்கறாங்க."

பெஸ்னிக் எஸ்டெலைப் பார்த்தான். "ஆமா, சார்."

"வீட்டை அலங்காரம் பண்ணி, வெளிச்சம் போட்டு வச்சிருக்காங்க. மலிவா தள்ளிட்டு ஓடற திட்டம். நாப்பது வருஷமா பாக்கறேன், எனக்குத் தெரியாதா? போர்டுக்குக் காகிதம் வந்தா நேரா என்கிட்ட கொண்டு வா. சும்மா விடக் கூடாது." எஸ்டெலின் முழங்கையைத் தட்டிக்கொடுத்தார். "நீ கவலப்படாத, எஸ்ஸி. நான் இருக்கற வரைக்கும் அவங்களால வெளிய போக முடியாது."

எஸ்டெல் கோப்பையை வாங்கிப் பெஸ்னிக்கிடம் கொடுத்தாள். மில்ட்டனின் காலரைச் சரிசெய்தாள்.

"எழுந்திரு, மில்ட்," என்றாள். "இன்னொரு சுத்து போயிட்டு வருவோம்."